முகவரியை ஒளிப்பதா, கொடுப்பதா?

எங்கள் சங்கத்தின் இணையதளத்தைச் சில ஆண்டுகளாக நான் கவனித்து வருகிறேன். சிறு கடையோ வகுப்போ நடத்தும் அன்பர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "தளத்தில் மின்னஞ்சல் முகவரியைப் போட்டால் குப்பைக் கடிதங்கள் குவிகின்றன. பேசாமல் எடுத்துவிடலாமா?"

எடுத்துவிட்டால் யாருக்கு நஷ்டம் என்று முதலில் பார்ப்போம். மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்கு ஊரிலிருந்து நோயாளியை அழைத்து வரும் குடும்பத்துக்கு இந்தியும் மராத்தியும் தெரியாமல் இருக்கலாம். இரவில் அவர்கள் தேடுவது ஒரு தமிழ்ச் சங்கத்தின் எண்ணைத்தான்.

குப்பைக் கடிதம் அனுப்புகிறவர் நம் தளத்தை உட்கார்ந்து படிப்பதில்லை. அவருடைய நிரல் பக்கம் பக்கமாக மேய்ந்து, முகவரி போலத் தெரிவதைப் பொறுக்கிக்கொண்டு போகிறது. 1971-இல் ரே டாம்லின்சன் மின்னஞ்சலுக்குத் தேர்ந்தெடுத்த 'அட்' குறிதான் அதற்கு அடையாளம். அமெரிக்காவில் ஜனநாயகம் மற்றும் தொழில்நுட்ப மையம் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இணையப் பக்கங்களில் வெளிப்படையாக இட்ட முகவரிகளுக்கே குப்பை மிக அதிகமாக வந்தது. குறிக்குப் பதிலாக அதைச் சொல்லாக எழுதிய முகவரிகளுக்கு ஒன்றும் வரவில்லை. இன்றைய நிரல்களுக்கு இந்தத் தந்திரமும் தெரியும்; முழுக்க நம்ப முடியாது.

தமிழ் எழுத்திலேயே 'அட்', 'டாட்' என்று எழுதலாமே என்றார் ஒரு நண்பர். நல்ல யோசனைதான். ஆனால் இங்கே வளர்ந்த நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது!

முகவரியைப் படமாகப் போடுவதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. பார்வையற்றவருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் படத்தில் தடுமாறும். நகல் எடுக்க முடியாது. கைப்பேசியில் எண்ணைத் தொட்டால் அழைப்பும் போகாது. திருடனுக்குப் பயந்து வாசற்படியை இடிப்பது போன்றது இது.

நான் பரிந்துரைப்பது ஒரு சிறிய படிவம்: பெயர், திரும்ப அழைக்க வேண்டிய எண், செய்தி. அதில் மனிதர் கண்ணுக்குத் தெரியாத நான்காவது கட்டம் ஒன்றை வைக்க வேண்டும். நிரல் பெரும்பாலும் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிடும். அந்தக் கட்டம் நிரம்பி வந்தால் கடிதத்தை ஒதுக்கிவிடலாம். வாசிப்பு மென்பொருள் பயன்படுத்துவோருக்காக, 'இதைக் காலியாக விடவும்' என்று அதன்மேல் எழுதிவைப்பது அவசியம். கோணல் எழுத்துகளைக் கண்டுபிடிக்கச் சொல்லும் சோதனையைவிட இது பெரியவர்களுக்குச் சுலபம்.

படிவத்தோடு ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கட்டும், ஆனால் செயலாளரின் சொந்த எண் வேண்டாம். சங்கத்தின் பெயரில் ஒரு சிம் அட்டை வாங்கினால், பொறுப்பு மாறும்போது அதுவும் கை மாறும். மின்னஞ்சலையும் பதவியின் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம். விளம்பர அழைப்புகளைக் குறைக்க 1909-இல் பதிவு செய்யுங்கள்.

ஒரு வேலை மீதமிருக்கிறது. வடிகட்டி சில நேரம் நல்ல கடிதத்தையும் குப்பையில் தள்ளிவிடும், அதிலும் முன்பின் தெரியாதவர் எழுதியதை. நமக்கு உதவி கேட்டு எழுதுகிறவர்கள் எல்லோருமே முன்பின் தெரியாதவர்கள்தாம். ஆகவே குப்பைப் பெட்டியைத் தினமும் ஒருமுறை திறந்து பார்க்க, செயற்குழுவில் ஒருவரை நியமித்துவிடுங்கள்.