சொந்தச் செலவில் நூல் வெளியிடுவோர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஒரகடம் வரை பரந்துள்ள சிப்காட் தொழிற்சாலைகளில் ஷிப்டு முறையில் உழைத்துக்கொண்டே எழுதி, அதைத் தம் சேமிப்பிலிருந்து நூலாக்க விழைவோரை, செவிவழியாகப் பரவும் சில நம்பிக்கைகள் பணத்தையும் உரிமையையும் ஒருசேர இழக்கச் செய்கின்றன.

நம்பிக்கை: ஊழியர் எழுதுவதெல்லாம் நிறுவனத்துக்கே உரியது.

உண்மை: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணியின் பகுதியாக ஆக்கப்பட்ட படைப்புக்கு மட்டுமே வேலையளிப்பவர் முதல் உரிமையாளர் ஆவார், இரவு ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்பியபின் எழுதப்படும் சிறுகதை அதில் அடங்காது. ஆனால் ஐடிஐ மாணவர்க்கான சிஎன்சி கையேட்டில் நிறுவனத்தின் பயிற்சிக் குறிப்புகளையும் உதிரிபாக வரைபடங்களையும் அனுமதியின்றி அப்படியே சேர்ப்பவர் உரிமை மீறல் வழக்குக்கு மட்டுமன்றி, வேலையிழப்புக்கும் ஆளாகக்கூடும்.

நம்பிக்கை: அச்சுக்கூலி கொடுத்தவருக்கே உரிமை.

உண்மை: பதிப்புரிமை, அதாவது படைப்பைப் படியெடுக்கவும் விற்கவும் மொழிபெயர்க்கவும் உள்ள உரிமை, எழுதிய கணத்திலேயே எழுத்தாளருக்குப் பிறக்கிறது, பதிவுகூடக் கட்டாயமன்று. அது கைமாறுவது கையெழுத்தால்தான். முழுப்பணத்தையும் எழுத்தாளரிடமே பெறும் ஒப்பந்தத்திலும் ‘அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே’ என்னும் வரி இடம்பெற்றால், கொடுத்த பணம் அவரைக் காக்காது. காலம் குறிப்பிடப்படாத உரிமை மாற்றத்தை ஐந்து ஆண்டு எனவும், எல்லை குறிப்பிடப்படாததை இந்தியா மட்டும் எனவும் 19ஆம் பிரிவு கொள்கிறது. ‘நிரந்தரமாக’, ‘உலகெங்கும்’ என்று எழுதிவிட்டால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

நம்பிக்கை: ஐஎஸ்பிஎன் எண்ணை விலைக்கு வாங்க வேண்டும்.

உண்மை: நூலை அடையாளப்படுத்தும் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை, தாமே பதிப்பிக்கும் எழுத்தாளருக்கும் கட்டணமின்றி வழங்குகிறது.

நம்பிக்கை: ஆயிரம் படிகள் அச்சிட்டால் ஆதாயம்.

உண்மை: படி ஒன்றின் அடக்கவிலை குறையும், ஆனால் விற்காத கட்டுகளில் முதல் முடங்கும். 200 ரூபாய் நூலுக்குக் கடைக்காரர் 40 விழுக்காடு கழிவு கேட்டால் கையில் வருவது 120 ரூபாய். அச்சுக்கூலியும் அஞ்சற்செலவும் அதிலிருந்தே போக வேண்டும். 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே.சாமிநாதையர், வாங்குவோரிடம் முன்கூட்டியே கையொப்பம் திரட்டினார். இன்றைய முன்பதிவும், தேவைக்கேற்ப அச்சிடும் முறையும் அவ்வழியை எளிதாக்கியுள்ளன. ஆதலால் தொழிற்சங்கத்திலும் விடுதியிலும் வாங்குவோர் பெயரைத் திரட்டியபின் அச்சகத்தை நாடுக. ஒப்பந்தத்தில் உரிமையின் காலத்தையும் எல்லையையும் எழுதச் செய்யாமல் கையெழுத்திடாதீர்.