வலியைப் பெருக்கும் தூதர்கள்

காய்ச்சல் கண்டவருக்கு எங்கும் அடிபடாதபோதும் மூட்டுகள் வலிக்கின்றன. தலைவாரும் சீப்பும் உறுத்துகிறது. இதற்குக் காரணம் யாது?

நோய்க்கிருமி உடலுள் நுழைந்ததும் வெள்ளையணுக்கள் சைட்டோகைன்கள் என்னும் புரதங்களைச் சுரக்கின்றன. இவை நோய்த்தடைக்காப்பு மண்டலத்தின் தூதர்கள். இவற்றின் செய்தி குருதி வழியாகவும் வேகஸ் நரம்பின் வழியாகவும் மூளையை எட்டுகிறது. அங்கே காவல் செல்களாகிய மைக்ரோகிளியாக்கள் விழிப்படைகின்றன. 1919ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஓர்ட்டேகா தனிவகையாக இனங்கண்ட செல்கள் இவை. விழிப்புற்ற இச்செல்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டா முதலிய சைட்டோகைன்களைத் தாமும் வெளியிடுகின்றன. அவற்றால் நியூரான்களின் கிளர்ச்சி மிகுகிறது; வலியுணர்வின் தொடக்க எல்லை தாழ்கிறது. சிறு தொடுதலும் நோவாகிறது.

இந்நோவும் உடலுக்குத் துணையே. அது நோயுற்றவரை ஓய்வுகொள்ளச் செய்கிறது; மிஞ்சும் ஆற்றல் கிருமியை எதிர்க்கப் பயன்படுகிறது. நோய் நீங்கியதும் தூதர்கள் அடங்க, வலியும் அகலும்.

சிலருக்கோ, குறிப்பாக நரம்பு சிதைந்தவர்க்கு, புண் ஆறிய பின்னும் தண்டுவடத்திலும் மூளையிலும் இச்செய்தி ஓய்வதில்லை. புறத்தே காயம் தெரியாமையால் அவர்தம் வலியைப் பிறர் நடிப்பெனக் கருதுவதுண்டு. காயம் மறைந்தாலும் வலி மெய்யாக நிலைக்கக்கூடும் என்று அறிவியல் உணர்த்துகிறது. துன்புறுவோர் சொல்லை நம்புதலே அவர்க்குச் செய்யும் முதல் உதவியாகும்.