நெற்றியில் தெரிவது விளக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய நேர்காணலைப் பார்த்தேன். பெரியவரின் நெற்றியும் மூக்கு நுனியும் வெள்ளையாக அடிக்கின்றன, எந்த ஸ்லைடரை இழுத்தால் போகும் என்று கேட்டிருக்கிறாய். ஹைலைட்டைக் குறைத்தால் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடுகிறது என்றும் புலம்பியிருக்கிறாய். ஆகத்தான் செய்யும். உங்கள் தலைமுறைக்கு எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்லைடர் வேண்டும்!

அந்த வெள்ளை தோலின் நிறமே இல்லை. தோலுக்குள் புகுந்து சிதறி வெளியே வரும் வெளிச்சம்தான் தோலின் நிறத்தைக் கொண்டுவருகிறது. எண்ணெயும் வியர்வையும் படிந்த மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சமோ உள்ளே போவதில்லை. விளக்கின் நிறத்திலேயே திரும்பிவிடுகிறது. ஆக, நீ நெற்றியில் காண்பது உன் எல்இடி விளக்கின் பிம்பம். அது கேமராவின் உச்ச அளவைத் தொட்டுவிட்ட இடத்தில் அடியில் தோலைப் பற்றிய தகவல் எதுவும் மிஞ்சியிருக்காது. எந்த மென்பொருளும் அங்கே ஊகித்துத்தான் நிரப்ப முடியும்.

முகம் இப்படி மினுங்குவது பழைய தொல்லை. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோ நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்திருக்கிறாயா? இல்லையென்றால் எடிட்டிங்கை மூடிவைத்துவிட்டு அதைப் படி. அதில் லாரி லாரியாக வாங்கப்படும் பான்கேக் என்ற முகப்பூச்சு, மாக்ஸ் ஃபேக்டரின் சரக்கு. டெக்னிகலர் வந்தபோது பழைய கிரீஸ் பெயின்ட் மினுமினுத்தது. பக்கத்திலிருக்கும் துணியின் நிறம்கூட முகத்தில் தெரிந்தது. அதற்காகப் பளபளப்பில்லாமல் செய்த இந்தப் பூச்சு, 1937-ல் வெளியான ‘வோக்ஸ் ஆஃப் 1938’ படத்தில் திரைக்கு வந்தது.

பூச்சைவிட எனக்குப் பிடித்த வழி ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுடையது. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வுக்காக (1956) காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட் போட்டார்கள். மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் அடித்தார் மித்ரா. துணியில் பட்டு இறங்கிய வெளிச்சம் முற்றத்து வானத்தின் வெளிச்சமாகவே இருந்தது. முகத்துக்கு இதனால் என்ன லாபம்? விளக்கு பெரிதானால் அதன் பிம்பமும் நெற்றியில் பெரிதாகிறது. அதே வெளிச்சம் அகலமான இடத்தில் பரவுவதால் எந்த ஒரு புள்ளியும் எரிவதில்லை. தோலின் சொந்த வெளிச்சம் குறைவதுமில்லை. உன் அறையில் இதற்கு ஒரு தெர்மோகோல் பலகை போதும். விளக்கைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்து. முகத்தின் எண்ணெயையும் வியர்வையையும் டிஷ்யூவால் ஒற்றியெடு, தேய்க்காதே.

போலரைசர் வாங்கலாமா என்கிறாய். லென்ஸில் மட்டும் மாட்டினால் சில கோணங்களில்தான் பலன் தரும். வெளிச்சத்தையும் பாதிக்கு மேல் தின்னும். விளக்கிலும் போலரைசர் தாள் ஒட்டி, லென்ஸிலிருப்பதைக் குறுக்காகத் திருப்பினால் பளபளப்பு அடியோடு போகும். கூடவே முகத்தின் உயிரும் போகும்.

பளபளப்பே கூடாது என்று எவன் சொன்னான்? மேற்பரப்பில் திரும்பும் பங்கு எல்லாத் தோலுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நேராக விழும்போது நூற்றில் மூன்று போல. கறுத்த தோல் உள்ளிருந்து திருப்புவது குறைவு என்பதால் மேல்பளபளப்பு எடுப்பாகத் தெரிகிறது. கன்ன எலும்பையும் மூக்கின் வரியையும் வரைந்து காட்டுவது அதுதான். அதைப் பவுடரால் அப்பி, அந்தச் சாக்கில் நிறத்தையும் இரண்டு படி ஏற்றிவிடும் டச்சப் பழக்கம் எனக்குச் சகிக்காது.

இப்போது கையிலுள்ள வீடியோவுக்கு வருகிறேன். முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு டிராக் செய். அதற்குள் வெளிச்சம் மிகுந்து நிறம் வெளுத்த பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, ஓரத்தை மென்மையாக்கு. வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி, பக்கத்துத் தோலின் நிறத்தை அதில் ஏற்று, சாம்பல் போய்விடும். பாதி குறைந்ததும் நிறுத்திக்கொள். முகம் முழுக்க மங்கலாக்கும் வேலை வேண்டாம், அவருடைய சுருக்கங்கள் அவருக்கு வேண்டும். கண்ணின் ஒளிப்புள்ளியையும் பல்லையும் மாஸ்க்கிலிருந்து விலக்கிவிட்டு எனக்கு மறுபடி அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்