அம்பாசிடரா, மாருதியா? கணக்கு சொல்லும் பாடம்

காரும் கடையின் முதலில் ஒரு பங்குதான். கௌரவம் பார்த்து வாங்கினால் கல்லாப்பெட்டிதான் பதில் சொல்ல வேண்டும்.

அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டைத் தழுவி 1958-ல் வந்த பெரிய கார். மாருதி 800, 1983 டிசம்பரில் வந்த சிறிய கார். மூன்று சிலிண்டர், 796 சி.சி. என்ஜின். இரண்டின் உற்பத்தியும் 2014-ல் நின்றது. அவை தந்த பாடம் இன்றைக்கும் உதவும்.

பெரிய கார் லிட்டருக்கு 10 கி.மீ., சிறியது 16 கி.மீ. ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 800 கி.மீ. ஓடினால் முன்னதற்கு 80 லிட்டர், பின்னதற்கு 50. மிச்சம் 30 லிட்டர்.

அவசரம் வேண்டாம்! ஆளும் சரக்குமாகப் பெரிய காரில் ஒரே நடையில் முடியும் வேலைக்குச் சிறிய காரில் இரண்டு நடை போனால், 100 கி.மீ. தூரத்துக்கு 10 லிட்டர் ஆன இடத்தில் 12½ லிட்டர் ஆகும். மிச்சம் நஷ்டமாகிவிடும்.

1996-ல் நாம் அம்பாசிடரை விற்றபோது, "மண்டி நொடித்துவிட்டது" என்று கடைவீதியில் பேச்சு. கடனுக்குச் சரக்கு தந்தவர்களே தயங்கினார்கள். நாம் தவணை தவறவில்லை. பேச்சு தானே அடங்கியது. வசூலுக்குப் பெரும்பாலும் ஒருவரே போனதால் மிச்சம் நிலைத்தது.

ஆகவே, காரை மாற்றுமுன் மூன்று மாதம் ஒரு நோட்டுப் போடுங்கள்: ஓடிய தூரம், பெட்ரோல், ரிப்பேர், ஏறிய ஆள், ஏற்றிய சரக்கு. ஊர்ப்பேச்சை விட்டு, நோட்டைக் கேட்டு முடிவெடுப்போம்.