உபகரண தானம்: வீடற்றோர்க்கு ஒரு பை



தசலட்சண பர்வத்தின் எட்டாம் நாள் உத்தம தியாகத்துக்கு உரியது. அந்நாளையொட்டி, வீடின்றி நடைபாதையில் வாழ்வோர்க்குத் தேவைப் பொருள்களைப் பையிலிட்டு வழங்கும் நற்பணி சில ஜினாலயங்களில் நடைபெறுகிறது. சோப்பு, துண்டு, பல்பொடி, போர்வை முதலியவற்றை இல்லந்தோறும் திரட்டுகிறோம். மண்டபத்தில் வரிசையாக அடுக்கி, பாடசாலைச் சிறுவர்முதல் பாட்டிமார்வரை கைமாற்றி நிரப்புகிறோம். காண இனிய காட்சிதான். ஆயினும் பை நிறைந்துவிட்டால் தானம் நிறைந்துவிடுமா? இதுவே இப்பாடத்தின் வினா.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாய இறுதியில் உமாஸ்வாமி ஆசாரியர் தானத்தின் சிறப்பு நான்கினால் வேறுபடும் என உணர்த்துகிறார். அவை விதி, திரவியம், தாதா, பாத்திரம் என்பன. கொடுக்கும் முறை, கொடுபொருள், கொடுப்போர், கொள்வோர் எனத் தமிழில் கூறலாம். இந்நான்கையும் நாம் இளமையிலேயே மனப்பாடம் செய்தவர்கள். மனப்பாடம் வேறு, பாடம் வேறு என்பதை மிகப் பிந்தியே கற்றோம்.

நாம் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் அறுபது பைகள் கட்டினோம். அன்பர் ஒருவர் பல்துலக்கும் பிரஷ்களைப் பெட்டியாக அனுப்பினார். ஆகவே எல்லாப் பைகளிலும் பிரஷ். மற்றொருவர் பயணங்களில் தங்கும் விடுதிகளிலிருந்து சேர்த்துவைத்த சிறு ஷாம்பு உறைகளைத் தந்தார். அவையும் எல்லாப் பைகளிலும் இடம்பெற்றன. வந்தவற்றைப் பகுத்தோமேயன்றி, வேண்டியவற்றை எண்ணவில்லை.

சென்னைப் பாரிமுனைப் பகுதியில் ஒரு நடைபாதையில் அமர்ந்திருந்த மூதாட்டியிடம் ஒரு பையை நீட்டினோம். நம் வயதினர், ஒரு சில ஆண்டுகள் மூத்தவராகவும் இருக்கலாம். அவர் பையைப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, பிரஷை மட்டும் நம் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"பல்லெல்லாம் போயி எட்டு வருஷம் ஆச்சும்மா. இதைப் பல்லு இருக்கிறவங்களுக்குக் குடுங்க" என்றார். அச்சொல்லில் குறையில்லை, எள்ளலும் இல்லை. பொருள் வீணாகக் கூடாதே என்னும் கவலைதான் இருந்தது. பின்னர், "இந்தப் பைக்கு ஒரு நீட்டு வாரு இருந்தா ராத்திரி உடம்போட மாட்டிக்கிட்டுப் படுப்பேன். போன மழையில என் கார்டெல்லாம் நனைஞ்சு கூழாப் போச்சு" என்றார்.

ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்குப் பாடக்குறிப்பு எழுதக் கற்பித்த காலத்தில், "முதலில் குழந்தையின் முன்னறிவை அறிக, பிறகு பாடத்தைத் தொடங்குக" என்று ஆண்டுதோறும் கூறியவர் நாமே. அந்த முதல் விதியை நடைபாதையில் மறந்தோம். அன்று அம்மூதாட்டி நமக்கு ஆசிரியரானார்.

கொள்வோர்

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிக்கொள்வோம். "உத்தம, மத்திம, சகன்ய பாத்திரங்களுக்கு ஈவதன்றோ தானம்? தெருவில் இருப்போர் பாத்திரமாவரா?" எனச் சிலர் வினவுகின்றனர். ஜினசேனாசாரியர் ஆதிபுராணத்தில் பாத்திரதத்தியோடு தயாதத்தியையும் தனியே வைத்தார். துறவோர்க்குப் பக்தியால் ஈவது முன்னது. துன்புறும் உயிர்க்கு இரக்கத்தால் ஈவது பின்னது. தத்துவார்த்த சூத்திரமும் மைத்திரி, பிரமோதம், காருண்யம், மாத்தியஸ்தம் என்னும் நான்கு பாவனைகளுள் காருண்யத்தைத் துன்புறுவோர்க்கே உரியதாக்கியுள்ளது. ஆதலின் இங்கே தகுதி ஆராய்ச்சிக்கு இடமில்லை. தேவை ஆராய்ச்சிக்கு மட்டுமே இடம் உண்டு.

வீடற்றோர் அனைவரும் இரந்துண்போர் என எண்ணுவது தவறு. மூட்டை தூக்குவோர், வண்டி இழுப்போர், பூக்கட்டுவோர், குப்பையில் காகிதமும் நெகிழியும் பொறுக்கி விற்போர், வீட்டு வேலை செய்வோர் எனப் பலர் உழைத்து வாழ்பவர்களே. சென்னையின் வடபகுதி நடைபாதைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்களும் உண்டு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடெங்கும் சுமார் 17.7 லட்சம் பேர் வீடற்றோராகக் கணக்கிடப்பட்டனர். அவர்களைப் பிப்ரவரி 28ஆம் நாள் இரவில் எண்ணினார்கள். பகலில் அவர்கள் பல இடங்களுக்கும் பிரிந்து சென்றுவிடுவதால், படுக்கும் இடத்தில்தான் காண இயலும்.

எனவே பை கட்டுமுன் ஒருநாள் வெறுங்கையோடு சென்று கேட்டறிய வேண்டும். ஆணா, பெண்ணா, குழந்தை உண்டா, காலணி அளவு என்ன, பல் உண்டா, ஏற்கெனவே இருப்பது எது என்பனவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம்.

கொடுபொருள்

முதல் அளவுகோல் எடை. பை முழுவதும் மூன்று கிலோவுக்கு மேற்படலாகாது. கொள்பவர் அதனை நாள் முழுவதும் தோளில் சுமக்க வேண்டும்; வைத்துச் செல்ல அவர்க்குப் பெட்டகம் இல்லை. தோளுக்குக் குறுக்காக மாட்டும் நீண்ட வாரும், ஜிப்பும் உள்ள கெட்டித் துணிப்பையே சிறந்தது. இரவில் அதுவே தலையணையாகும்.

அதனுள் வைக்கத் தக்கன இவை: பருத்திப் போர்வை ஒன்று, துண்டு ஒன்று, புதிய உள்ளாடை இரண்டு, குளியல் சோப்பும் துணி சோப்பும் ஒவ்வொன்று, பல்பொடி, சீப்பு, சிறு புட்டியில் தேங்காய் எண்ணெய், நகவெட்டி, ஊக்கு, மூன்று மீட்டர் நைலான் கயிறு, மழைக்கு விரிக்கவும் போர்த்தவும் உதவும் ஒரு தார்ப்பாய்த் துண்டு. மகளிர்க்கு மாதவிலக்கு அணையாடைகள் தவறாமல் வேண்டும். கூச்சத்தால் அவர்கள் கேட்கமாட்டார்கள். கூச்சத்தால் நாமும் விட்டுவிடலாகாது.

விலையில் மிகச் சிறியதும் பயனில் மிகப் பெரியதும் ஒன்றுண்டு. அது நீர் புகாத நெகிழி உறை. ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவை மழையில் அழிந்தால், தமிழக அரசு 2023ஆம் ஆண்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்திய முதியோர் ஓய்வூதியத்தைக் கேட்டுப் பெறுவதும் அரிதாகிவிடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடுமாதலால், அதற்கு முன்னரே இவ்வுறை அவர் கையில் இருக்க வேண்டும்.

மருந்துப் பொருள்களில் எச்சரிக்கை தேவை. பஞ்சு, கட்டுத்துணி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆகியன வைக்கலாம். மாத்திரைகள் வேண்டா. அவர்க்குச் சர்க்கரை நோய் உண்டா, இரத்த அழுத்தம் உண்டா என்பதை நாம் அறியோம். ஒரு லிட்டர் நீருக்குரிய ஓ.ஆர்.எஸ். பொடியை ஒரு டம்ளர் நீரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குத் தீங்காகும். ஆதலின் ஒரு லிட்டர் புட்டி ஒன்றையும் உடன் வைத்து, கரைக்கும் முறையை வாயால் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

உணவுப் பொருள் சிறிதளவே போதும். பல் இல்லாதவர்க்கு நீரில் ஊறும் அவலும் வெல்லமும். பல் உள்ளவர்க்குப் பொட்டுக்கடலை. துணிப்பையில் அப்படியே வைத்தால் இரவில் எலி கடித்துப் பையே பாழாகும். மூடியுள்ள சிறு டப்பாவில் வைத்தல் நலம்.

நம் அறத்துக்கு மாறான பொருள் பையில் நுழையாதிருத்தலும் நம் கடமை. விலங்குக் கொழுப்பு கலந்த சோப்பு, தோற்பொருள், தேன் கலந்த மிட்டாய் ஆகியவற்றைத் தவிர்த்து, தாவர எண்ணெய்ச் சோப்பையும் ரப்பர்ச் செருப்பையும் தேர்ந்து வாங்குக. கைக்குழந்தையுள்ள குடும்பத்துக்குக் கொசுவர்த்திக்கு மாறாக, ஆணியும் கயிறும் இன்றித் தானே விரிந்து நிற்கும் மடக்குக் கொசுவலை கொடுக்கலாம். குழந்தைக்கும் காப்பு, கொசுவுக்கும் அபயம்.

கொடுப்போர்

தானத்தை விளக்குமிடத்து ஆசாரியர் தன்னுடைய பொருளைத் துறப்பதையே கூறுகிறார். நாம் வேண்டாவென ஒதுக்கிய பொருள் ஏற்கெனவே மனத்தால் நம்மைவிட்டு நீங்கியது. அதனைக் கொடுத்தல் அலமாரியைத் தூய்மை செய்தலேயன்றித் தியாகமன்று. கிழிந்த சேலை, நாள் கடந்த பற்பசை, ஒற்றைக் காலுறை ஆகியவை பிறர் கைக்குச் சென்றால், "நீ இதற்குத்தான் தகுதி" என்று சொல்லாமற் சொல்வதாகும்.

ஒரு சிறு விதியை நம் பாடசாலைக் குழந்தைகளுக்குக் கூறினோம்: "உன் உடன்பிறந்தார்க்கு நீ கொடுக்கத் தயங்கும் எதையும் பையில் வைக்காதே." ஒரு சிறுமி, தான் வைத்த பழைய துண்டை எடுத்துச் சென்று, மறுநாள் புதியது கொண்டுவந்து வைத்தாள். அளவற்ற பொருளில் சிறிது குறைவது எளிது. தன் விருப்பத்தில் சிறிது குறைப்பதே மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தின் பயிற்சியாகும்.

கொடுக்கும் முறை

உறங்குபவரை எழுப்பலாகாது; உறங்குபவர் அருகே பையை வைத்துவிட்டு வருதலும் கூடாது. இருட்டில் கொடுத்துச் சென்றால் விடியுமுன் அது களவு போகலாம். கதிரவன் தோன்றிய பின், அவர்கள் வேலைக்குப் புறப்படுமுன் உள்ள சிறுபொழுதே ஏற்றது. நாமும் இருளில் சிற்றுயிர்களை மிதியாது நடக்கலாம்.

நின்றபடி நீட்டாது, அருகில் அமர்ந்து, "அம்மா", "ஐயா" என விளித்து, பெயர் கேட்டு, இரு கையாலும் கொடுக்க வேண்டும். பையைத் திறந்து காட்டி, வேண்டாதவற்றைத் திருப்பித் தர உரிமை உண்டு எனக் கூற வேண்டும். படம் பிடித்தல் வேண்டா. நம் வீட்டுக் கூடத்தில் நாம் உறங்கி எழும் கோலத்தை அயலார் படம் பிடிக்க ஒப்புவோமா? அவர்க்கு அந்த நடைபாதையே கூடம்.

பை தராதது

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வையாவிருத்தியத்தை உணவு, மருந்து, உபகரணம், ஆவாசம் என நான்காக வகுத்தார். அது துறவோர்க்குச் செய்யும் தொண்டைக் குறித்தது. ஆயினும் நம் பையை அளந்து பார்க்க அதுவும் ஓர் அளவுகோலாகும். பையில் சிறிது உணவு உண்டு, சிறிது மருந்து உண்டு, உபகரணம் உண்டு. ஆவாசம் இல்லை. அவர்களிடம் இல்லாதது எதுவோ அதுவே பையிலும் இல்லை.

இதனையும் அம்மூதாட்டியே கற்பித்தார். அவர் கேட்டபடி நீண்ட வார் தைத்த பையில் நீர் புகாத உறையும் வைத்துக்கொண்டு, மூன்று வாரங்கள் கழித்து அதே இடத்துக்குச் சென்றோம். இடையில் கடுமழை பெய்திருந்தது. நடைபாதை வெறுமையாய் இருந்தது. "மழையில எங்கேயோ போயிடுச்சு" என்றார் அருகில் தேநீர் விற்றவர். அதற்குமேல் அவர்க்கும் தெரியவில்லை. முதல் நாளிலேயே பெயரைக் கேட்கவில்லை ஆதலால், விசாரிக்கவும் வழியின்றித் திரும்பினோம். அப்பையைப் பின்னர் வேறொருவர்க்கு, அவர் தேவை கேட்டறிந்த பின்னரே கொடுத்தோம்.

2010ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், பெருநகரங்களில் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கு ஒரு காப்பகமேனும் வேண்டும் எனப் பணித்தது. சென்னை மாநகராட்சிக்கும் வீடற்றோர் காப்பகங்கள் உள்ளன. அன்று பிரஷ்களை எண்ணிய நேரத்தில், அருகிலுள்ள காப்பகம் எது, அங்கே முதிய பெண்டிரைச் சேர்ப்பார்களா என விசாரித்திருந்தால், அம்மூதாட்டியிடம் அதனைக் கூறியிருக்கலாம். போவதும் போகாததும் அவர் விருப்பம். கூறாதது நம் குறை.

ஆதலின் ஒவ்வொரு பையிலும் பெரிய எழுத்தில் அச்சிட்ட தாள் ஒன்று இருக்கட்டும்: அவசர ஊர்தி 108, குழந்தைகள் உதவி 1098, மகளிர் உதவி 181, முதியோர் உதவி 14567, அருகிலுள்ள காப்பகத்தின் முகவரி. எழுத்தறியாதார்க்குப் படித்துக் காட்டுக. பின்னர், ஒரு திங்களுக்குள் மீண்டும் சென்று காண்க. பை ஓர் அறிமுகமே. அதற்குப் பின் தொடரும் வரவே தொண்டாகும்.

உத்தம தியாகத்துக்கு அடுத்த நாள் உத்தம ஆகிஞ்சன்யத்துக்கு உரியது. எதுவும் எனதன்று என்னும் நாள் அது. பொருளைக் கொடுத்த மறுநாள், "கொடுத்தேன்" என்னும் எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும் என்பதற்காகவே இவ்விரு நாள்களும் அடுத்தடுத்து அமைந்தனவோ என நாம் எண்ணுவதுண்டு.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. பாத்திரதத்திக்கும் தயாதத்திக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. தானத்தின் நான்கு உறுப்புகளுள் நாம் செய்த பிழை எவ்வெவற்றைச் சார்ந்தது?
3. உங்கள் ஊரில் வீடற்றோர் தங்கும் காப்பகம் எங்குள்ளது? நேரில் சென்று அறிந்து எழுதுக.
4. உங்கள் அலமாரியில் உங்களுக்கு விருப்பமான பொருள் ஒன்றை எண்ணுக. அதனைப் பையில் வைக்க மனம் இசைகிறதா?

நான்காம் வினாவுக்கு விடையை எழுத வேண்டா. மனத்துள் கூறிக்கொண்டால் போதும்.

வாழ்க ஜினதருமம்! வளர்க பல்லுயிர் அருள்!