பாதியில் நிற்கும் பின்னல்கள்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி ஓய்வெடுக்கும் நாள்களில் ஒருநாள் அலமாரியைத் திறக்கிறோம். அடித்தட்டில் ஒரு துணிப்பை இருக்கிறது. ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர், அடிப்பாகத்தோடு நின்றுபோன வயர் கூடை, கால்பங்கு முடிந்த குரோஷா மேசைவிரிப்பு என மூன்று நான்கு வேலைகள் அதில் கிடக்கின்றன. சிகிச்சை தொடங்கிய வாரத்தில் கீழே வைத்தவை சில. அதற்கும் முன்பே மறந்தவை சில. ‘இதைக்கூட முடிக்கவில்லையே’ என்று பெருமூச்சுவிட்டுப் பையை மூடிவிடுகிறோம். அந்தப் பையை முறையாகக் காலி செய்யும் வழியைக் கூறுவதே இப்பாடம்.

முடியாத வேலையும் மனமும்

முடித்த வேலையைவிட இடையில் நிறுத்தப்பட்ட வேலையே நினைவில் அதிகம் தங்குகிறது என்று புளூமா செய்கார்னிக் என்னும் உளவியலாளர் 1927ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் எழுதினார். பிற்கால ஆய்வுகள் எல்லாம் அதே முடிவைத் தரவில்லை. ஆயினும் 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் நமக்குப் பயன்படும் ஒன்றைக் கண்டனர். முடியாத வேலையின் எண்ணம் குறுக்கிடாமல் இருக்க, அதை உடனே முடித்தாக வேண்டும் என்பதில்லை. எப்போது, எங்கே, எவ்வாறு செய்வது என்று திட்டமாகத் தீர்மானித்தாலே அக்குறுக்கீடு குறைகிறது. ஆகவே உடல் வலிமை திரும்பும் முன்பே மனச்சுமையை ஓரளவு இறக்கி வைக்கலாம். அதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும்.

மூன்று குவியல்கள்

முதல்நாள் எதையும் பின்ன வேண்டாம். பையிலுள்ள அனைத்தையும் கட்டில்மீது பரப்பி மூன்றாகப் பிரியுங்கள்.

1. முடிக்க வேண்டியவை: இன்றும் விருப்பமும் பயனும் உள்ளவை.

2. பிரித்துவிட வேண்டியவை: ஸ்வெட்டர் யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்குப் போகலாம். அளவு பொருந்தாததைப் பிரிப்பதால் உழைப்பு வீணாகிவிட்டதாக எண்ண வேண்டாம். நூல் நம்மிடமே திரும்பி வருகிறது. பிரித்த கம்பளி நூலை நாற்காலியின் முதுகில் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து நிழலில் தொங்கவிட்டால் அதன் சுருக்கம் நீங்கும்.

3. பிறர் கையில் தர வேண்டியவை: நமக்கு இயலாது, ஆனால் முடிந்தாக வேண்டும் என்று மனம் விரும்புபவை.

முதற்குவியலில் உள்ள ஒவ்வொன்றுடனும் ஒரு சீட்டை இணையுங்கள். எந்த எண் ஊசி, எத்தனை கண்ணிகள், எந்த வரிசையில் நின்றது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பவற்றை அதில் குறியுங்கள். நெடுநாள் ஊசியில் கிடந்த கண்ணிகள் தளர்ந்திருக்கும்; கடைசி இரண்டு வரிசைகளைப் பிரித்துவிட்டுத் தொடர்வது நல்லது. நோய்க்குப் பின் கையின் இறுக்கமும் மாறியிருக்கலாம். எனவே வேறு நூலில் ஒரு சிறு துண்டு பின்னிப் பார்த்துத் தொடங்குங்கள்.

நம் கோபுரம் கற்பிப்பது

பாதியில் நின்ற வேலைக்கு நம் ஊரிலேயே பெரிய சான்று உண்டு. திருவரங்கத்தின் தெற்கு இராஜகோபுரம் விஜயநகர மன்னர் அச்சுதராயர் காலத்தில் தொடங்கப்பெற்று, கல்லாலான அடிப்பகுதியோடு நின்றுபோயிற்று. ஏறத்தாழ 400 ஆண்டுகள் அது மொட்டைக் கோபுரமாகவே நின்றது. அகோபில மடத்தின் 44ஆம் ஜீயர் அப்பணியை மேற்கொண்டார். எட்டு ஆண்டுகள் வேலை நடந்து, 13 நிலைகளுடன் 236 அடி உயரத்தில் எழுந்த அக்கோபுரத்திற்கு 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்கு நடைபெற்றது.

இதில் மூன்று செய்திகள் உள்ளன. பழைய அடித்தளத்தை இடிக்காமல் அதன்மேலேயே கட்டினார்கள். வேலையை நிலை நிலையாகப் பகுத்தார்கள். ஒரு நிலைக்கான செலவை இசையமைப்பாளர் இளையராஜா ஏற்றார். தொடங்கியவரே முடிக்கவேண்டும் என்று காத்திருக்கவில்லை.

பின்னலுக்கும் இவை பொருந்தும். ஒரே நேரத்தில் ஒரு வேலையை மட்டும் எடுங்கள்; முடிவுக்கு மிக அருகில் இருப்பதே முதலில் வரட்டும். நாளொன்றுக்கு இரண்டு வரிசை அல்லது கூடையில் ஒரு சுற்று என்று அளவு வையுங்கள்.

கைகளைக் காத்தல்

இருபது நிமிடத்திற்கு ஒருமுறை நிறுத்தி விரல்களை விரித்து மடக்குங்கள். மரத்துப்போதல், வலி, வீக்கம் தோன்றினால் அன்றைய வேலையை அத்துடன் நிறுத்துங்கள். கையில் ஊசிக்குழாய் இருக்கும்போது அந்தக் கைக்கு ஓய்வு கொடுங்கள். நீரிழிவாலோ புற்றுநோய் மருந்துகளாலோ விரல்களில் உணர்வு குறைந்திருந்தால் ஊசி குத்துவதும் வயர் அறுப்பதும் தெரியாமல் போகலாம். தடித்த நூலும் முனை மழுங்கிய பெரிய மர ஊசியும் ஏற்றவை. வயர் கூடையில் முடிச்சை இறுக்க வலுவான இழுப்பு தேவை. மார்பு, தோள், வயிறு ஆகிய இடங்களில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும், டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே அதைத் தொடங்க வேண்டும்.

உடனிருப்போருக்கு

‘எப்போது முடிப்பீர்கள்?’ என்று கேட்பதைவிட, நூற்கண்டைச் சுற்றிக் கொடுங்கள். வரிசைகளை எண்ணிச் சொல்லுங்கள். நோயாளி விரும்பினால் அவர் அருகிலமர்ந்து முடிச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். சிவன் கண், நெல்லிக்காய் முதலிய கூடைப் பின்னல்கள் பெரும்பாலும் பார்த்துப் பழகியே கைமாறி வந்தவை.

மறைந்தவர்களோ உடல் தளர்ந்தவர்களோ பாதியில் விட்ட கைவேலையைத் தன்னார்வலர்கள் முடித்துக் குடும்பத்திடம் ஒப்படைக்கும் ‘லூஸ் எண்ட்ஸ்’ என்னும் அமைப்பு 2022இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. தாய் விட்ட வரிசைக்கு அடுத்த வரிசையை முன்பின் அறியாத ஒருவர் பின்னுகிறார். அதே வேலையை நம் வீட்டில் மகளோ மருமகனோ செய்யலாம். அதற்காகவும்தான் அந்தச் சீட்டு. அதை நோயாளி தம் கையாலேயே எழுதட்டும்; எழுத இயலாதபோது அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.

இவ்வாரப் பயிற்சி

பையைத் திறந்து மூன்று குவியல்களாகப் பிரியுங்கள். முதற்குவியலுக்கும் மூன்றாம் குவியலுக்கும் சீட்டு எழுதி இணையுங்கள். மூன்றாம் குவியலில் உள்ளதை யாரிடம் தருவது என்று குடும்பத்தாரோடு பேசி முடிவு செய்யுங்கள். இவ்வாரம் ஒரு வரிசைகூடப் பின்னாவிட்டாலும் குறையில்லை.