நஞ்சுக்கொடியும் நுண்கனிமங்களும்

கருப்பையில் வளரும் மகவைத் தாயோடு பிணைத்து ஊட்டும் உறுப்பினை நாம் நஞ்சுக்கொடி என்கிறோம். மகவு பிறந்தபின் அது வெளியேறுவதை ‘நஞ்சு விழுதல்’ என்று இன்றும் நம் வீடுகளில் கூறுவர். உயிர் வளர்க்கும் உறுப்பிற்கு இப்பெயர் வந்த காரணத்தை மொழிநூலாரிடம் விட்டுவிடுவோம். ஆயினும், இவ்வுறுப்பினின்று தோன்றும் ஒரு நோயை மேலைநாட்டு மருத்துவரும் குருதியில் நஞ்சு எனப் பொருள்படும் ‘டாக்சீமியா’ என்னும் பெயராலேயே நெடுங்காலம் வழங்கினர் என்பது வியப்பிற்குரியது. அதுவே இன்று ப்ரீ-எக்லாம்ப்சியா எனப்படுகிறது. சூல்வலிப்பின் முன்நிலை என்று நாம் கூறலாம்.

சூல் கொண்டு 20 வாரங்கள் கடந்தபின் இரத்த அழுத்தம் 140/90 என்னும் அளவை எட்டுவதும், சிறுநீரில் புரதம் கலந்து வெளியேறுவதும் இதன் அறிகுறிகள். ஈரலும் சிறுநீரகமும் கெடுவதுண்டு. முற்றினால் வலிப்பு, தாயும் சேயும் மாள நேரும். சூலுற்றோர் நூற்றுவரில் 2 முதல் 8 பேர்வரை இதற்கு ஆளாகின்றனர். நம் ஊர்களில் இதனைச் ‘சிறுநீரில் உப்பு’ என்பர். அவ்வுப்பு நாம் உண்ணும் உப்பன்று. ஆல்புமின் என்னும் புரதமாகும். பெயரை நம்பி, உணவில் உப்பைக் குறைத்தால் போதும் என்றிருந்துவிடுதல் பெருந்தீங்காய் முடியும்.

அந்த ‘நஞ்சு’ யாதென நெடுங்காலம் புலப்படவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் ஆய்வு மேற்கொண்ட ஆனந்த் கருமாஞ்சியும் அவர்தம் குழுவினரும் 2003இல் ஒரு விடை கண்டனர். நோயுற்றோரின் நஞ்சுக்கொடி எஸ்.எப்.எல்.டி-1 என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. அது தாயின் குருதியிற் கலந்து இரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கிறது என்பதே அவ்விடை.

நுண்கனிமங்களுக்கு இங்கு என்ன வேலை எனின், குருதி போதிய அளவு பாயாத நஞ்சுக்கொடியில் உயிர்வளியின் தீய வடிவங்கள் பெருகித் திசுக்களை அரிக்கின்றன. அவற்றை அடக்கும் நொதிகள் சில, உலோகம் முதலிய தனிமங்களின் துணையின்றி இயங்கா. குளுட்டாதயோன் பெராக்சிடேசு என்னும் நொதியில் செலினியம் உறைவது 1973இல் அறியப்பட்டது. சூப்பராக்சைடு டிசுமுட்டேசின் ஒரு வகைக்குச் செம்பும் துத்தநாகமும், மற்றொரு வகைக்கு மாங்கனீசும் வேண்டும். எல்லாம் மிகச் சிற்றளவே. சூலுற்றவளுக்கு ஒரு நாளைக்கு வேண்டும் செலினியம் 60 மைக்ரோகிராம் அளவினது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஏறத்தாழ 1,270 தாய்மாரின் சிவப்பணுக்களை ஆராய்ந்து 2019இல் முடிவுகளை வெளியிட்டனர். மாங்கனீசு மிக்கோரிடம் நோய் குறைவாகவும், புகையிலைப் புகை வழியாகவும் உடலிற் சேரும் காட்மியம் மிக்கோரிடம் நோய் மிகுதியாகவும் காணப்பட்டது. எனில், மாங்கனீசு மாத்திரை உண்டால் நோய் வாராதோ? ஈண்டுதான் நாம் நிதானிக்க வேண்டும். அக்குருதி பிள்ளைப்பேற்றிற்குப் பின்னர் எடுக்கப்பட்டது. கனிமம் குறைந்ததால் நோய் வந்ததா, நோயால் கனிமம் குறைந்ததா என்பதை அதுகொண்டு உறுதியாகக் கூறல் இயலாது.

இவ்வையம் வீணன்று. உயிர்வளியின் தீமையைத் தடுக்கும் என்று நம்பி வைட்டமின் சி, ஈ இரண்டையும் 2,400க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்தனர். 2006இல் வெளியான முடிவு ஏமாற்றமே. நோய் குறையவில்லை, எடை குறைந்த குழந்தைகளே மிகுதியாயினர். துத்தநாக மாத்திரையும் இந்நோயைத் தடுத்ததாகச் சான்றில்லை. செலினியத்தைப் பிரிட்டனில் 230 பெண்களிடம் ஆராய்ந்தபோது, தொடக்கத்திலேயே அது மிகக் குறைந்திருந்தோரிடம் மட்டும் முற்கூறிய புரதம் தணிந்தது. நோயைத் தடுக்கும் என்று துணிய அவ்வெண்ணிக்கை போதாது. அளவு மிஞ்சினால் செலினியமே மயிரும் நகமும் உதிரச் செய்யும்.

நுண்கனிமமல்லாத, உடலுக்கு மிகுதியாக வேண்டப்படும் கால்சியத்தின் கதையே வேறு. குவாத்தமாலாவின் மாயா இன மக்கள் வறியோர். ஆயினும் அவரிடை இவ்வலிப்பு அரிது. அவர்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து உண்பதைக் கண்டு, பெலிசானும் வில்லாரும் 1980இல் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். 1997இல் 4,589 அமெரிக்கப் பெண்களிடம் செய்த சோதனையில் அது பயன் தரவில்லை. அவர்தம் உணவில் கால்சியம் முன்னரே போதிய அளவு இருந்தது. உணவில் அது குறைந்த நாடுகளிலோ, 2006இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு கடுமையான சிக்கல்கள் குறைந்ததைக் காட்டிற்று. இல்லாதவர்க்கே ஈகை பயன்படும் போலும்!

அத்தகையோர்க்கு நாளொன்றுக்கு 1,500 முதல் 2,000 மில்லிகிராம் என்று அந்நிறுவனம் பரிந்துரைத்தது. பெரிய மாத்திரைகள் மூன்றை நாள்தோறும் விழுங்குவது எளிதன்று. பெங்களூரில் 11,000 பெண்களிடம் ஆராய்ந்தபோது, 500 மில்லிகிராம் உண்டோரில் 3.0 விழுக்காட்டினரும் 1,500 உண்டோரில் 3.6 விழுக்காட்டினரும் நோயுற்றனர். சிற்றளவு பேரளவிற்குத் தாழ்ந்ததன்று என 2024இல் வெளியாயிற்று. ஒன்று மட்டும் நினைவிற் கொள்ளத்தக்கது: கால்சியம் இரும்புச் சத்து உடலிற் சேர்வதைத் தடுக்குமாதலின், இவ்விரு மாத்திரைகளையும் ஒரே வேளையில் உண்ணாது, சில மணி நேரம் இடைவெளி விட்டு உண்ணுதல் வேண்டும்.